கித்துளை இழைய வளர்ப்பில் பெருக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளை சீவிப் பதநீர் இறக்கப்படும் பனைக் குடும்ப மரமான கித்துளைக் குப்பியில் வளர்த்துப் பெருக்க முடியுமா என்று கொழும்பில் தாவர இழைய வளர்ப்புத் துறையில் இருப்பவர்களிடம் கேட்போர் பல வகையினர். இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் காணி வைத்திருப்பவர்களும், பாணி வியாபாரத்தில் உள்ளவர்களும், செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. பனையையும் தென்னையையும் பற்றிக் கேட்கப்படுபவையும் சேர்க்கப்பட்டுள்ளன. ஏனெனில் இந்த மூன்றுக்கும் அடிப்படைச் சிக்கல் ஒன்றேதான்.

கித்துளுக்கு இழைய வளர்ப்பு எதற்கு? விதை போட்டால் முளைக்காதா?

முளைக்கும். காட்டோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் நிற்கும் கித்துள் மரங்களில் பெரும்பாலானவை எவரும் நட்டவை அல்ல. மரநாய் பழத்தைத் தின்று விதையைக் கழித்துவிட்டுப் போன இடங்களில் தாமாக எழும்பியவை. ஆகவே கன்று கிடைப்பதில் பஞ்சமில்லை. நல்ல மரத்தின் கன்று கிடைப்பதுதான் அரிது, அதற்குக் காரணம் இந்த மரத்தின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது.

கித்துள் சுமார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பூக்காமல் வளரும். பிறகு உச்சியில் முதற் பாளை வெளிவரும். அடுத்தடுத்த பாளைகள் கணுக்கணுவாகக் கீழ்நோக்கி இறங்கி வரும். இது சில ஆண்டுகள் நீடித்து, கடைசிப் பாளையும் முடிந்தபின் மரம் பட்டுப்போகும். தென்னையைப் போல ஐம்பது, அறுபது ஆண்டுகள் காய்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. இதன் விளைவாக, ஒரு மரம் நிறையப் பதநீர் தரும் மரம் என்று நாம் தெரிந்துகொள்ளும் வேளையில் அது தன் இறுதிக் காலத்தில் நிற்கிறது. அத்துடன், சீவிய பாளையில் காய் பிடிப்பதில்லை. நல்ல மரம் என்று கண்டவுடன் உரிமையாளர் அதன் எல்லாப் பாளைகளையும் சீவுகிறார். ஏறுவதற்குச் சிரமமான மரமும் சாறு குறைந்த மரமும் சீவப்படாமல் நின்று காய்த்து விதை பரப்புகின்றன. பல தலைமுறைகளாக இது நடந்துவரும் ஊர்களில், மோசமான மரங்களின் பிள்ளைகளே கூடுதலாக எழும்பியிருக்க வாய்ப்புண்டு. நல்ல மரம் பட்டுப்போவதற்குள் அதன் நகலை எடுத்து வைக்க வேண்டும் என்ற தேவை, தென்னையைவிடக் கித்துளுக்கே அவசரமானது என்பது இதை எழுதுபவரின் கருத்து.

கிளை வெட்டி நடவோ, பதியம் வைக்கவோ, ஒட்டுக் கட்டவோ முடியாதா?

முடியாது. கித்துளுக்குக் கிளை இல்லை, பக்கக் கன்றும் இல்லை. அடிமரம் முழுவதற்கும் ஒரே ஒரு வளர்நுனி, அது உச்சிக் குருத்துக்குள் இருக்கிறது. அதை வெட்டினால் மரம் செத்துவிடும். ஒட்டுக் கட்டுவதற்குத் தேவையான, தண்டைச் சுற்றிப் புதுக் கலங்களை உண்டாக்கும் வளையமான மாறிழையமும் பனைக் குடும்பத் தண்டுகளில் கிடையாது.

அப்படியானால் இழைய வளர்ப்பில் சரியாக என்ன நடக்கிறது?

தாவரத்தின் இளம் பகுதி ஒன்றைச் சிறு துண்டாக வெட்டி, பற்றீரியாவும் பங்கசும் இல்லாதபடி மேற்பரப்பைச் சுத்தம் செய்து, கனியுப்புகளும் சீனியும் விற்றமின்களும் வளர்ச்சி ஓமோன்களும் கலந்த ஊடகத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் வைக்கிறோம். ஊடகம் பெரும்பாலும் ஏகார் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டிருக்கும். அதை ஓட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கலனில் 121 பாகை செல்சியசில் கால்மணி முதல் இருபது நிமிடம் வரை வைத்துக் கிருமி நீக்குகிறார்கள்.

பனைக் குடும்பத்தில் வழக்கமாகப் பின்பற்றப்படும் பாதை இப்படியானது. வெட்டிய துண்டை ஓட்சின் என்ற வகையைச் சேர்ந்த வலிமையான வளர்ச்சி ஓமோன் கலந்த ஊடகத்தில், இருட்டறையில், 25 முதல் 28 பாகை வரையான வெப்பநிலையில் வைத்திருந்தால், அதன் கலங்கள் இலையென்றும் வேரென்றும் இல்லாத ஒரு திரளாகப் பெருகத் தொடங்கும். ஆய்வுகூடங்களில் இதைக் கலஸ் என்கிறோம். எல்லாக் கலசும் பயன்படாது. நீர்க்கோத்து, நொளநொளவென்று இருப்பது வெறுமனே பருத்துக்கொண்டே போகும். மங்கிய மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, ஊசியால் தொட்டால் மணிமணியாகப் பிரியும் திரளில்தான் நம்பிக்கை வைக்கலாம். ஓட்சினைப் படிப்படியாகக் குறைத்தால், அந்த மணிகளின் மேல் பால்வெள்ளை நிறத்தில் வழவழப்பான சிறு முனைகள் தோன்றும். அவை விதைக்குள் இருக்கும் முளையத்தைப் போன்ற அமைப்புடையவை, ஆனால் கருக்கட்டல் இல்லாமல் உடற்கலத்திலிருந்து பிறந்தவை. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முளைக்க வைத்து, வேர்விடச் செய்து, கடைசியில் மண்ணுக்கு மாற்றுகிறோம்.

எழுதும்போது நான்கைந்து வரிகளில் முடிந்துவிடுகிற இந்தப் பாதையில், ஒவ்வொரு கட்டத்திலும் குப்பிகளில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்?

இழைய வளர்ப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், கேட்க வேண்டியது இதுதான்.

மிக எளிதாகக் கிடைப்பதும், மிக நன்றாக ஒத்துழைப்பதும் விதை முளையமே. கித்துள் பழத்தின் சதையில் ஊசிபோன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் நிறைந்திருப்பதால், கையுறை இல்லாமல் நசுக்கினால் விரல் இடுக்கெல்லாம் நெடுநேரம் அரிக்கும். சதையை நீக்கிக் கழுவிய விதையின் கடினமான வித்தகவிழையத்துக்குள், சில மில்லிமீற்றர் மட்டுமே நீளமுள்ள வெள்ளை முளையம் ஒரு பக்கமாகப் புதைந்திருக்கும். அதை முழுதாக எடுத்துக் குப்பியில் வைத்தால், மண்ணில் முளைக்க மாதக்கணக்கில் எடுக்கும் விதையைவிட விரைவில் அது முளைத்துவிடும். அதன் மையத்திலுள்ள குருத்து நுனியைத் தனியே வெட்டி எடுத்து வளர்த்தால், ஒன்றிலிருந்து பல கன்றுகளைப் பெறவும் வழியுண்டு.

ஆனால் அந்தக் கன்றுகள் தாய்மரத்தின் நகல்கள் அல்ல. ஒரே கித்துள் மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் இருந்தாலும், ஒரு பாளையில் ஆண்பூக்கள் முந்தி விரிந்துவிடுவதால், வேறு மரத்தின் மகரந்தம் வந்து சேர வாய்ப்பு அதிகம். விதை முளையம் என்பது அந்த மரத்துக்கும் தெரியாத ஒரு தந்தைக்கும் பிறந்த பிள்ளை. அதிலிருந்து ஆயிரம் கன்றுகள் எடுத்தாலும், திறமை தெரியாத ஒரு பிள்ளையின் ஆயிரம் நகல்கள்தான் கிடைக்கும். நல்ல பிள்ளையாக அமைந்தால் ஆதாயம். சோப்பிளாங்கியாக அமைந்துவிட்டால் தோட்டம் முழுவதும் சோப்பிளாங்கி.

தாய்மரத்தின் உண்மையான நகல் வேண்டுமென்றால், தாயின் சொந்த இழையத்திலிருந்து தொடங்க வேண்டும். உச்சிக் குருத்தை எடுத்தால் மரம் போய்விடும். இலை இழையத்தை எடுக்கவும் குருத்துக்குள் மடிந்திருக்கும் இளம் இலைவரை போக வேண்டும். எஞ்சியிருப்பது, இன்னும் வெளியே தெரியாமல் மட்டைக்கும் தண்டுக்கும் இடையில் உறைகளுக்குள் இருக்கும் இளம் பாளை. பல உறைகளால் மூடப்பட்டிருப்பதால் அதன் உட்பகுதி ஏறக்குறையக் கிருமியற்றதாகவே இருக்கும். உறைகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சென்றால், பூக்கள் இன்னும் புள்ளிகளாகவே இருக்கும் மெல்லிய வெண்ணிறக் காம்புகள் கிடைக்கும். அவற்றை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக வெட்டி ஊடகத்தில் வைக்கிறார்கள். தென்னையில் இதற்கு நிகராகக் கருக்கட்டாத சூலகத்தைப் பயன்படுத்தும் முறையை லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் வகுத்திருக்கிறது.

சீவல் தொழிலாளியிடம் போய் ஒரு பாளையைத் தா என்று கேட்பது, அவருடைய பல வார வருமானத்தைத் தா என்று கேட்பதற்குச் சமம். மேலுள்ள பாளைகளைவிடக் கீழிறங்கி வரும் பாளைகள் பொதுவாகச் சிறுத்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றை விலை பேசி வாங்குவதே இரு தரப்புக்கும் நியாயமான வழி. மரத்தின் திறமையும் அதற்குள் நிரூபணமாகியிருக்கும்.

ஊடகத்தில் என்னென்ன சேர்கின்றன? இளநீர் சேர்ப்பார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். 1941இல் ஊமத்தையின் மிக இளம் முளையங்களைக் குப்பியில் வளர்க்க முயன்ற ஆய்வாளர்கள், இளநீர் சேர்த்தபோதுதான் அவை வளர்ந்ததைக் கண்டார்கள். அன்று முதல் உலகெங்கும் இழைய வளர்ப்புக் கூடங்களில் இளநீருக்கு ஓர் இடம் உண்டு. கலப்பிரிவைத் தூண்டும் சைற்றோகைனின்கள் அதில் இயற்கையாகவே இருக்கின்றன. காய்க்குக் காய் அதன் உள்ளடக்கம் மாறுவதால், முடிவுகள் சீராக வேண்டும் என்பவர்கள் இன்று செயற்கை ஓமோனையே நாடுகிறார்கள்.

அடிப்படை உப்புக் கலவையாக 1962இல் முராசிகே, ஸ்கூக் ஆகிய இருவரும் புகையிலை இழையத்துக்கென வகுத்த ஊடகமோ, 1976இல் தென்னை இழையத்துக்கென வெளியான வை-3 ஊடகமோ பயன்படும். பனைக் குடும்பத்துக்குப் பின்னையது பெரும்பாலும் ஏற்றது. இலீற்றருக்கு 30 கிராம் அல்லது அதற்குக் கூடுதலான சீனி, pH 5.8 அளவில் அமிலத்தன்மை, இலீற்றருக்கு 1 முதல் 3 கிராம் வரை ஏவப்பட்ட கரித்தூள் என்பன வழக்கமான அளவுகள்.

கலஸ் தோற்றுவிக்கும் ஓட்சின் பற்றிக் கேட்போர் வியப்படைவதுண்டு. அது 2,4-டி, வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கப்படும் அதே பொருள். களையைக் கொல்வதும் கலசை உண்டாக்குவதும் ஒரே குணத்தின் இரு விளைவுகள்: கலங்களைக் கட்டுமீறிப் பிரியவும் நீளவும் தூண்டுவதே அதன் வேலை. கரித்தூள் அதன் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பனை இழையங்களுக்கு மற்றத் தாவரங்களைவிடப் பல மடங்கு அதிகமாக அதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கரி எவ்வளவு ஓமோனைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது கரியின் தயாரிப்பைப் பொறுத்து மாறும். ஒரு நிறுவனத்தின் கரியில் வேலை செய்த அளவு, வேறொன்றின் கரியில் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம். ஆய்வுக் கட்டுரையில் உள்ள அளவை அப்படியே போட்டுப் பார்த்துவிட்டு முறை பிழை என்று முடிவு கட்டும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைத்த துண்டுகள் கறுத்துப் போகின்றனவே?

வெட்டுப்பட்ட பனை இழையம் பீனோல் சேர்வைகளைக் கசியவிடும். அவை காற்றுப்பட்டு ஒட்சியேறும்போது துண்டைச் சுற்றி ஊடகம் தேநீர் நிறமாகி, சில நாட்களில் துண்டும் கறுத்துவிடும். நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வேதியியலால்தான். அஸ்கோபிக் அமிலமும் சித்திரிக் அமிலமும் கலந்த நீரில் வெட்டுவது, கூரான புதிய அலகைப் பயன்படுத்தி நசுங்காமல் வெட்டுவது, முதல் வாரங்களில் இருட்டில் வைப்பது, அடிக்கடி புதிய ஊடகத்துக்கு மாற்றுவது, கரித்தூள் சேர்ப்பது ஆகியவை உதவுகின்றன. கறுத்த துண்டை உடனே வீசிவிட வேண்டாம். மேலே கருகிய தோலுக்குக் கீழிருந்து பல வாரங்கள் கழித்து மஞ்சள் மணிகள் எட்டிப் பார்ப்பது பனை இனத்தில் அபூர்வமல்ல.

ஒரு கன்று உருவாக எவ்வளவு காலம் பிடிக்கும்?

தென்னை அனுபவத்தை வைத்துச் சொன்னால், துண்டை வைத்த நாள் முதல் மண்ணில் நடக்கூடிய கன்றுவரை ஓராண்டுக்கு மேல், பல சமயம் இரண்டாண்டும் ஆகலாம். வாழையில் சில மாதங்களில் ஒன்று பலவாகப் பெருகுவதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கே ஏமாற்றமடைகிறார்கள். பனைக் குடும்பத்தின் நிதானம் குப்பிக்குள் வைத்தாலும் மாறுவதில்லை.

பேரீச்சை இலட்சக்கணக்கில் இழைய வளர்ப்பில் வருகிறதே, கித்துளுக்கு ஏன் அந்த நிலை இல்லை?

பேரீச்சை மரத்தின் அடியில் பக்கக் கன்றுகள் வரும். அவற்றுள் ஒன்றை அறுத்து அதன் வளர்நுனியை எடுத்தால் தாய்மரத்துக்குச் சேதமில்லை, கிடைப்பது தாயின் அசல் நகலும்கூட. மத்திய கிழக்கில் அதற்குப் பெரிய சந்தை இருந்ததால் பல்லாண்டு முதலீடும் கிடைத்தது. கித்துளுக்கு இந்த இரண்டுமே இல்லை.

ஒற்றைத் தண்டுடைய, பக்கக் கன்றற்ற பனைகளில் கித்துளுக்கு மிக நெருங்கிய நிலையில் இருப்பது பிரேசிலின் ஜுசாரா பனை. அதன் உண்ணக்கூடிய குருத்தை எடுக்க மரத்தையே வெட்ட வேண்டியிருப்பதால் அங்கே அது காடுகளிலிருந்து அருகி வருகிறது; அதன் விதை முளையத்திலிருந்து உடற்கல முளையங்களைப் பெறும் முறை 1988இலேயே வெளியானது. தென்னையில் 2021இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, கலஸ் கட்டத்தைத் தவிர்த்து, முளையத்தின் குருத்தில் பக்க மொட்டுகளை எழுப்பிப் பெருக்கும் வழியைக் காட்டியது. ஆனால் இவை இரண்டும் விதை முளையத்தில் தொடங்கியவை என்பதை நினைவிற் கொள்ளவும்.

இழைய வளர்ப்புக் கன்று தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்று உறுதி தர முடியுமா?

பாளையிலிருந்து தொடங்கினாலும் முழு உறுதி தர முடியாது. எண்ணெய்ப்பனையின் கதை இதற்கு நல்ல பாடம். 1970களில் அதன் நகல்கள் குப்பியில் உருவாக்கப்பட்டு, மலேசியாவிலும் வேறு நாடுகளிலும் தோட்டங்களில் நடப்பட்டன. கன்றுகள் பார்வைக்குக் குறையின்றி வளர்ந்தன; பூக்கத் தொடங்கிய பிறகே, 1980களில், அவற்றுட் சிலவற்றின் பூக்கள் திரிந்திருப்பது தெரியவந்தது. மகரந்தக் கேசரங்கள் சூலகம்போல மாறி, கடுமையான மரங்களில் காயே நிலைக்கவில்லை. மரபுக் குறியீட்டின் எழுத்துகளில் மாற்றம் எதுவும் அகப்படாததால், காரணம் புலப்பட முப்பது ஆண்டுகள் சென்றன. 2015இல் மலேசியப் பாம் எண்ணெய் வாரியத்தின் தலைமையிலான குழு அதை வெளியிட்டது: பூவின் உறுப்புகளைத் தீர்மானிக்கும் ஒரு பரம்பரையலகுக்குள் அமர்ந்திருந்த, இடம்மாறும் இயல்புடைய டி.என்.ஏ. துண்டு ஒன்றின் மேலிருந்த மெதைல் குறிகள் (எழுத்தை மாற்றாமல் பரம்பரையலகின் செயலைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள்) குப்பிக்குள் இருந்த காலத்தில் கழன்றுபோயிருந்தன. அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கர்மா. குறிகள் கழன்ற நிலையைக் கெட்ட கர்மா என்றும், கழலாத நிலையை நல்ல கர்மா என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

கித்துளுக்கு இது ஏன் முக்கியமென்றால், நமக்கு வேண்டியது அதன் பாளை. பாளையில் கோளாறு இருந்தால் அது பத்து ஆண்டுகளுக்குப் பிறகே தெரியும். வழக்கமான டி.என்.ஏ. கைரேகைச் சோதனை எழுத்து மாற்றங்களைக் காட்டும், மெதைல் குறிகள் கழன்றதைக் காட்டாது. ஆகையால், சோதித்துவிட்டோம் என்று ஒருவர் சொன்னால் எதைச் சோதித்தார் என்று கேட்க வேண்டும். கலசை நெடுங்காலம் பெருக்காமல் குறைந்த தடவைகளே மாற்றி எடுப்பதும், ஒரு துண்டிலிருந்து அளவுக்கு மீறிக் கன்று எடுக்காமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் காணிக்குப் பனை வேண்டும். பனைக்கும் இது பொருந்துமா?

பனைக்கும் ஒற்றை வளர்நுனிதான், பக்கக் கன்றில்லை. அதற்கு மேலதிகமாக, ஆண்பனை வேறு, பெண்பனை வேறு; வடலியாக நிற்கும்போது எது எதுவென்று தெரியாது, பாளை வரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பார்த்திருக்க வேண்டும். நுங்கும் பனம்பழமும் வேண்டுமென்று நடுபவருக்குப் பாதி மரம் ஆணாக வந்து நிற்பது பெரிய இழப்பு. தாய் இழையத்திலிருந்து நகல் எடுக்கும் முறை கைகூடினால் அந்தச் சிக்கல் தீரும். விதை முளையத்திலிருந்து எடுத்தால் தீராது.

இருந்தாலும் இன்றைய நிலையில், பனங்கொட்டையைப் பாத்தி போட்டு நடுவதே சரியான வழி என்பேன். முளைக்கும் பனங்கொட்டை கிழங்கை மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய பிறகே குருத்தை மேலே அனுப்புகிறது. வரண்ட வடக்கில் வடலி பிழைப்பது அந்த ஆழத்தால்தான். குப்பிக் கன்றுக்கு அப்படியொரு கிழங்கோ, அதில் சேர்த்த மாச்சத்தோ இருக்காது. 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனமும் வடக்கிலேயே இருப்பதால், தாய்மரத் தெரிவு பற்றி அவர்களிடம் ஆலோசனை பெறலாம்.

கொழும்பின் காலநிலை இந்த வேலைக்கு ஏற்றதா?

வெப்பநிலை ஏற்றது, ஈரப்பதம் எதிரி. மழைக்காலங்களில் பங்கசு வித்திகள் எங்கும் மிதக்கும். குளிரூட்டியின் வடிகட்டியை மறந்தால் அறை முழுவதும் அவை பரவும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் மூடி இடுக்கு வழியாகக் குப்பிக்குக் குப்பி ஊர்ந்து வித்திகளைச் சுமந்து செல்வது இன்னொரு தொல்லை. ஊடகத்தின் மேல் பங்கசு பொட்டுப் பொட்டாக வரிசையில் வளர்ந்திருந்தால், சிற்றுண்ணி நடந்த தடம் அது என்று கொள்ளலாம்.

மின்சாரம் தனிக் கவலை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, வளர்ப்பறையும் காற்று வடிகட்டும் மேசையும் ஓட்டோகிளேவும் மின்பிறப்பாக்கியை நம்ப வேண்டியதாயிற்று, அதற்கோ டீசல் இல்லை. இரண்டாண்டு தொடர வேண்டிய பனை வளர்ப்பைத் தொடங்குபவர், சில நாட்கள் இருட்டில் இருந்தாலும் தாங்கக்கூடிய கலஸ் கட்டத்தையும், வெப்பம் ஏறினால் வாடிவிடும் கன்றுக் கட்டத்தையும் வேறு வேறு அறையில் வைப்பது நல்லது.

வெள்ளவத்தையில் மாடி வீடு. சமையலறையில் சிறிய அளவில் செய்து பார்க்கலாமா?

ஓர்க்கிட் விதை முளைக்க வைக்கலாம், வாழையை முயன்று பார்க்கலாம். பிரஷர் குக்கரே ஓட்டோகிளேவின் வேலையை ஓரளவு செய்துவிடும். கித்துள் மட்டும் வேண்டாம். 2,4-டியையும் கிருமிநீக்கும் உப்புகளையும் சமையலறையில் வைத்திருப்பது ஆபத்து.

குப்பியிலிருந்து வெளியே எடுத்த கன்றுகள் வாடிப் போவதைத் தவிர்ப்பது எப்படி?

குப்பிக்குள் ஈரம் நிறைந்த காற்றில் வளர்ந்த இலையில் மெழுகுப் படலம் மிக மெல்லியது, இலைவாய்களும் சரியாக மூடப் பழகாதவை. வேரில் ஒட்டியிருக்கும் ஏகாரை முற்றாகக் கழுவ வேண்டும். அதிலுள்ள சீனி மண்ணில் பங்கசுக்கு உணவாகிவிடும். தும்புச்சோறும் ஆற்றுமணலும் கலந்து கிருமி நீக்கிய கலவையில் நட்டு, பொலித்தீன் கூடாரத்தின் கீழ், அடர்ந்த நிழலில் வைத்து, வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகத் திறந்துவிட வேண்டும். இரண்டு மூன்று இலைகளும் கிளைத்த வேரும் வராத கன்றை வெளியே எடுக்க அவசரப்படாதீர்கள். கித்துள் இயல்பாகவே மற்ற மரங்களின் நிழலில் இளமையைக் கழிக்கும் மரம் என்பதால், தோட்டத்துக்குக் கொண்டுபோன பிறகும் முதல் ஆண்டுகளில் வெட்டவெளியில் நட வேண்டாம். ஆழமான பை வேண்டும். ஆழமற்ற பையில் வேர் சுருண்டுவிட்டால் பின்னர் திருத்த இயலாது.

இழைய வளர்ப்புக் கித்துள் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா?

எந்த இழையத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று கேளுங்கள். விதை முளையம் என்றால், அது பையில் முளைத்த விதைக் கன்றைவிட மேலானது என்று சொல்லக் காரணமில்லை. அதற்குக் கூடுதல் விலை கொடுக்கவும் தேவையில்லை. பாளை என்றால், எந்த ஊரில் எந்த மரம், அதன் பதநீர் அளவு எவரால் எத்தனை பாளைகளில் பதிவு செய்யப்பட்டது, அந்தத் தொகுதியிலிருந்து எடுத்த கன்று எங்கேனும் பூத்திருக்கிறதா என்று தொடர்ந்து கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற விடை வருமானால் மரத்தை நேரில் பார்க்கக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து குப்பியோடு பனைக் கன்று கொண்டுவரலாமா? குப்பி கிருமியற்றதுதானே?

அனுமதி இல்லாமல் கூடாது. குப்பியில் இருந்தாலும் அது தாவரம்தான். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டிய அனுமதி வேண்டும், கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை பரிசோதிக்கும். தென்னையைக் காக்க வேண்டியிருப்பதால் பனைக் குடும்பத்தைப் பொறுத்தவரை கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. ஊடகம் தெளிவாக இருப்பது நோயற்றதற்கு அத்தாட்சி ஆகாது: வெலிகமையில் 2006இல் கண்டறியப்பட்ட தென்னோலை வாடல் நோயை உண்டாக்கும் பைற்றோபிளாசுமா எனும் பற்றீரியா வகை நுண்ணுயிர் போன்றவை, தாவரத்தில் உணவைக் கடத்தும் உரியக் கலங்களுக்குள்ளேயே வாழ்பவை, ஊடகத்தில் தனித்து வளர்ந்து தங்களைக் காட்டிக்கொள்ள மாட்டா. உள்நாட்டுத் தாவரத்தை அனுமதியின்றி வெளியே கொண்டுபோவதும் அதேபோலக் குற்றம்.

என் காணியில் நல்ல கித்துள் மரம் ஒன்று இருக்கிறது. இப்போது நான் என்ன செய்யலாம்?

மரத்துக்கு இலக்கம் இட்டு, பாளைக்குப் பாளை காலையும் மாலையும் இறக்கிய பதநீரை அளந்து எழுதி வையுங்கள். யார் சீவினார் என்பதையும் எழுதுங்கள். பாளைக்கு இடும் மருந்தும் சீவுபவரின் கைப்பழக்கமும் மரத்தின் இனத்தளவுக்கு விளைச்சலை மாற்றக்கூடியவை. வேறு ஒருவர் சீவியபோதும் அந்த மரம் கூடுதலாகத் தந்தால்தான் பெருமை மரத்துக்குரியது. அக்கம்பக்கத்தில் ஏறக்குறைய அதே வயதுடைய இரண்டு மரங்களையும் சேர்த்து அளந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். இந்தப் பதிவோடு ஆய்வுகூடத்தை அணுகினால், அவர்கள் பாளை எடுக்க வருவதைப் பற்றிப் பேசலாம்.

அதுவரைக்கும், ஒரு பாளையை மட்டும் சீவாமல் காய்க்க விடுங்கள். பழம் சிவந்து முற்றியபின், கையுறை அணிந்து சதையை நீக்கி, விதைகளை நன்கு கழுவி, உலரவிடாமல் நிழற்பாத்தியில் உடனே போடுங்கள். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், சில விதைகள் ஓராண்டையும் நெருங்கும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பாத்தியைக் கிளறாமல் விட்டுவிடுங்கள்.